ஊருக்கெல்லாம் ஹுல்டாவின் எலும்பு

1907ஆம் ஆண்டு ஈஸ்டர் முடிந்த வாரத்திலிருந்து எங்கள் ஹாசல்டாலில் யாரை எக்ஸ்ரே எடுத்தாலும் கண்ணாடித் தட்டில் விழுந்தது கசாப்புக்கடை ஹுல்டா க்ரெம்ஸரின் எலும்புதான். முறிவு அவரவருடையது. முறிந்த இடமும் தப்பாமல் தெரியும். ஆனால் முறிந்து கிடக்கிற எலும்பு மட்டும் ஹுல்டாவுடையதாக இருக்கும். வெளியூர்க்காரர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்கிறார்கள். எங்களுக்கு அலுத்துவிட்டது. ஒரே தடவை சொல்கிறோம், கேட்டுக்கொள்ளுங்கள்.

எக்ஸ்ரே கருவியை ஊருக்குக் கொண்டுவந்தவர் டாக்டர் பெர்ன்ட். தூரிங்கியக் காட்டில் எங்கள் பக்கத்து ஊர்களில் கண்ணாடி ஊதுகிறவர்கள்தான் அதற்கான குழாய்களையும் செய்தார்கள். வைக்கோல் பொதிந்த பெட்டியில் முட்டை வருவது போலக் குழாய் வரும். மர அறுவை ஆலையின் டைனமோவிலிருந்து மின்சாரம் வரும். பெரிய செம்புச் சுருள் படபடவென்று பொறி கக்கும், ஜாடியில் பாதரசம் கொதிப்பது போலக் குலுங்கும், இடி விழுந்த பிறகு வருகிற வாசனை ஆஸ்பத்திரித் தெருவெல்லாம் அடிக்கும். குழாய் சில நாள் முரண்டு பிடிக்கும். அப்போது டாக்டர் சாராய விளக்கால் அதற்கு இதமாகச் சூடு காட்டுவார், கெஞ்சுவார், கடைசியில் திட்டுவார். குழாய் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, பச்சையாக ஒளிரும் திரைக்கு முன்னால் தன் இடது கையையே ஒவ்வொரு நாளும் நீட்டிப் பார்ப்பார். அப்போது எங்கள் ஊரில் யாரும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை.

ஹுல்டா அந்த வருஷம் ஈஸ்டருக்கு முன்னால் இடுப்பு வலி என்று போனாள். சிறு பெண்ணாக இருந்தபோது வனக்காவலர் முயலுக்கு வைத்த குறி தப்பி, மூன்று ஈயக் குண்டுகள் அவள் இடுப்பில் பாய்ந்து உள்ளேயே தங்கிவிட்டன. புதுக் கருவி வாங்கிய உற்சாகத்தில் இருந்த டாக்டர், குண்டு வேறெங்காவது நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறேன் என்று மண்டையிலிருந்து கால் விரல் வரைக்கும் அவளைத் துண்டு துண்டாகப் படம் எடுத்தார். குண்டுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. வலி பன்றியைத் தூக்கியதால் வந்தது. இரண்டு நாள் கடையை மூடியதுதான் மிச்சம் என்று அவள் வாசலில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் குதிரை உதைத்துக் கொல்லன் ப்ரூனோவின் வலது மணிக்கட்டு முறிந்தது. ஊரிலேயே பருமனான கை அவனுடையது. தட்டை மருந்து நீரில் கழுவி ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது அதில் ஒரு பெண்ணின் கை இருந்தது. மோதிர விரலில் அகலமான மோதிரம். சுண்டு விரல் நுனி கோணலாக இருந்தது.

"டாக்டர், இது என் கை இல்ல."

"உன் கைதான். அசைஞ்சியா?"

"அசைஞ்சா மோதிரம் முளைக்குமா? எனக்குக் கல்யாணமே ஆகல டாக்டர்!"

டாக்டர் தட்டை மறுபடி ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். அந்தச் சுண்டு விரலை அவருக்குத் தெரியும். கொத்துக்கறி அரைக்கும் எந்திரத்தில் மாட்டி நசுங்கிய ஹுல்டாவின் விரல் அது. தட்டு மாறியிருக்கும் என்று இன்னொன்று எடுத்தார். அதே கை. ஆனால் மணிக்கட்டில் முறிவு இருந்தது. ஹுல்டாவோ அந்த நேரத்தில் இரண்டு கையாலும் தொத்திறைச்சி முறுக்கிக்கொண்டிருந்தாள். டாக்டர் தட்டில் தெரிந்த முறிவைப் பார்த்தே ப்ரூனோவின் கையைக் கட்டினார். கை ஒழுங்காகக் கூட ஆரம்பித்தது.

அதோடு அவன் சும்மா இருந்திருக்கலாம். 'பச்சை மரம்' மதுக்கடையில் மேசை மேல் ஏறி நின்று, "வெளியிலதான் நான் ப்ரூனோ, உள்ளுக்குள்ள ஹுல்டாடா!" என்று கத்தினான். மறுநாள் தூளிக்கட்டோடு ஈரல் தொத்திறைச்சி வாங்கப் போனபோது கடை நிறையக் கூட்டம். எல்லாரும் ஹுல்டாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டேய் ப்ரூனோ, என்னடா ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியிற?"

"பார்த்ததைத்தான் சொன்னேன். எனக்கு மணிக்கட்டு விண்ணுன்னு தெறிக்குது ஹுல்டா. உனக்கும் தெறிக்குதா?"

"கத்தி தெறிக்கும் இப்போ. வெளிய போ! இனி இந்தக் கடையில உனக்கு ஒரு துண்டு தோல்கூடக் கிடையாது."

இருவரும் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். அவள் சொன்னால் சொன்னதுதான் என்று அவனுக்குத் தெரியும். அன்றிலிருந்து அவன் தொத்திறைச்சிக்கு மலை தாண்டிப் பக்கத்து ஊருக்கு நடந்தான். அங்கே சோம்பு போதாது என்று திரும்பி வருகிற வழியெல்லாம் புலம்பினான்.

டாக்டர் செய்யாதது ஒன்றுமில்லை. தட்டுகளை வேறு கம்பெனியில் வாங்கினார். குழாயை மாற்றினார், சுருளை மாற்றினார், பாதரசத்தை மாற்றினார், இருட்டறையைச் சாம்பல் நீரால் கழுவினார், சுவருக்கெல்லாம் ஈயத் தகடு அடித்தார். டாக்டர்கள் தங்கள் கையை நீட்டிக் கெடுத்துக்கொள்ளக் கூடாது என்று அப்போது ஒரு சாமான் விற்பனைக்கு வந்திருந்தது: பலகையில் பதித்த, செத்தவர் யாருடையதோ ஒரு கை எலும்பு. அதையும் வாங்கித் திரைக்கு முன்னால் பிடித்தார். திரையில் மோதிரம் தெரிந்தது. பலகையைத் தூக்கி அலமாரிக்குப் பின்னால் எறிந்துவிட்டு, பழையபடி தன் கையையே நீட்ட ஆரம்பித்தார். அந்தக் கையும் ஹுல்டாவின் கையாகத்தான் தெரிந்தது. ஆனால் கதிர் சுட்டது என்னவோ அவருடைய தோலைத்தான்.

ஆஸ்பத்திரி நர்ஸ் சிஸ்டர் எர்னா வேறு விதமாக யோசித்தாள். "நீங்க அவங்களை அசையாம இருங்கன்னு சொன்னீங்க. அப்புறம் போதும்னு சொல்லவே இல்ல. எலும்பு இன்னும் அங்கேயே நிக்குது" என்றாள். டாக்டர் படித்தவர், இதையெல்லாம் நம்பக் கூடாது. ஆனாலும் ஒரு மத்தியானம் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு கசாப்புக்கடைக்குப் போனார்.

"ஹுல்டாம்மா, போதும். நீங்க இப்போ அசையலாம்."

அவள் கறி வெட்டிக்கொண்டிருந்தாள். "காலைல அஞ்சு மணியிலேருந்து அசைஞ்சிட்டுதான இருக்கேன்! நீங்களா வந்து வெட்டுறீங்க? முதல்ல அந்தத் தட்டையெல்லாம் போட்டு உடைங்க. என் இடுப்பை ஊரே பார்க்குது."

"அது நோயாளிங்களோட தட்டு அம்மா. நான் எப்படி உடைக்க முடியும்?"

"என் எலும்பு, அவங்க தட்டா? நல்லா இருக்கு உங்க நியாயம்!"

அதற்குப் பிறகும் ஒன்றும் மாறவில்லை. பள்ளிக்கூட வாத்தியார் உடற்கூறு பாடத்துக்குத் தட்டுகளை இரவல் வாங்கிப் போனார். பிள்ளைகள் எலும்புகளின் லத்தீன் பெயர்களை ஹுல்டா கடைக்கு வெளியே நின்று ஒப்பித்தார்கள். செருப்புத் தைப்பவரின் மனைவி ஆறு மாதக் கர்ப்பத்தில் படியில் விழுந்தபோது எடுத்த தட்டில் ஹுல்டாவின் இடுப்புக்கூட்டுக்குள், மூன்று ஈயக் குண்டுகளுக்குப் பக்கத்தில், குழந்தை சுருண்டு படுத்திருந்தது. பாதிரியாரின் மனைவி அதைப் பார்த்துவிட்டு, ஹுல்டா கர்ப்பமாம் என்று பேச்சைக் கிளப்பினாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் ஹுல்டாவின் பெஞ்சில் யாரும் உட்காரவில்லை. ஹுல்டா பாட்டு முடியும் முன்பே எழுந்து நின்று, "என் புருஷன் செத்து எத்தனை வருஷமாச்சுன்னு உங்க எல்லாருக்கும் தெரியும். சாவுச் சாப்பாட்டுக்கு வந்தவங்கதானே நீங்க!" என்று கேட்டாள். குழந்தை பிறந்து, அப்படியே செருப்புத் தைப்பவரின் மூக்கோடு இருந்த பிறகுதான் பேச்சு அடங்கியது.

ஆனால் அவளை உண்மையிலேயே நொறுக்கியது வனக்காவலரின் நாய். குட்டைக் கால் வேட்டை நாய். எதையோ விழுங்கிவிட்டு மூச்சுத் திணறியது. மனிதர்களோடு இது நிற்கிறதா என்று பார்க்கும் ஆசையில் டாக்டர் அதைப் படுக்கவைத்து மணல்மூட்டை வைத்துக் கட்டிப் படம் எடுத்தார். தட்டில் ஹுல்டாவின் மார்புக்கூடு இருந்தது. உள்ளே ஒரு கால்சட்டைப் பொத்தான்.

"நாய்க்குமா!" என்று அவள் கேட்டதாகச் சொல்கிறார்கள். அந்த இலையுதிர்காலத்தில் கடையைப் பூட்டிவிட்டுக் காஸலில் இருந்த தங்கை வீட்டுக்கு ரயிலேறினாள். அவள் போனால் எலும்பும் போய்விடும் என்று எல்லாரும் எதிர்பார்த்தோம். போகவில்லை. தட்டு கொஞ்சம் மங்கலாக விழுந்தது, அவ்வளவுதான். அதனால் டாக்டர் ஒவ்வொருவரையும் கூடுதல் நேரம் கதிருக்கு முன்னால் கிடத்தினார். இடுப்பு மரத்துப்போகிறது, முதுகு எரிகிறது, அந்தப் பொம்பளை ஊரில் இருந்தால் என்ன கெட்டுப்போகும் என்று எல்லாரும் முணுமுணுத்தார்கள். காஸலில் தங்கை புருஷனுக்கு விஷயம் தெரிந்து, ஒரு தட்டு கிடைக்குமா, நண்பர்களுக்குக் காட்ட வேண்டும் என்று கேட்டான். ஹுல்டா அடுத்த ரயிலில் திரும்பிவிட்டாள்.

அதற்குள் டாக்டரின் இடது கையில் தோல் கறுத்து, நகம் உதிர்ந்து, இரண்டு விரல்களை எடுக்க வேண்டியதாயிற்று. சிஸ்டர் எர்னா அவர் முன்னாலேயே மேசையைக் குத்தி அழுதாள். ஈயம் கலந்த ரப்பர் கையுறையை வரவழைத்து, அதைப் போடாவிட்டால் இனி நான் தட்டுக் கழுவ மாட்டேன் என்றாள். அவர் போட்டுக்கொண்டார். ஆனால் மிச்சமிருந்த விரல்களில் உணர்ச்சி குறைந்துவிட்டது. தொட்டுப் பார்த்து முறிவைச் சொல்லும் திறமை அவர் கையை விட்டுப் போய்விட்டது. அவர் முழுக்கத் தட்டை நம்பியே இருந்தார். ஊரிலும் பயம் பிடித்தது. பலகைக்கல் குவாரியில் அடிபட்டவர்கள்கூட, படம் வேண்டாம் டாக்டர், சும்மா கட்டிவிடுங்கள் என்று கெஞ்ச ஆரம்பித்தார்கள்.

1911 ஜனவரியில் ஒரு காலை. உறைபனியில் அரைப் பன்றியைத் தோளில் சுமந்து வந்த ஹுல்டா கடை வாசலிலேயே வழுக்கி விழுந்தாள். பன்றி அவள் மேல் விழுந்தது. வலது தொடை எலும்பு முறிந்தது. கதவுப் பலகையில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் பன்றியைப் பனியில் விட்டுவிடாதீர்கள், காக்கை கொத்தும் என்று உத்தரவு போட்டுக்கொண்டே போனாள்.

டாக்டர் படம் எடுத்தார். தட்டு காலியாக இருந்தது. சதையின் நிழல் இருந்தது. மூன்று குண்டுகள் மிதந்துகொண்டிருந்தன. எலும்பு இல்லை. மறுபடி எடுத்தார். இல்லை. தொடை கறுத்து வீங்கிக்கொண்டே போனது. பாதம் சில்லிட்டது. உள்ளே முறிந்த முனை எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரியாமல் இழுத்தால் பெரிய ரத்தக் குழாயைக் கிழித்துவிடும். கால் போகும், ஒருவேளை ஆளும் போகும். இழுக்காமல் விட்டாலும் கால் போகும்.

"என்ன டாக்டர், தட்டைப் பார்த்துட்டே நிக்கிறீங்க?"

"உங்க எலும்பு விழல அம்மா."

ஹுல்டா தலையணையிலிருந்து எழப் பார்த்தாள். "ஊர்ல இருக்கிறவன், போறவன், வர்றவன், நாய் வரைக்கும் என் எலும்பு விழுது! எனக்கு மட்டும் விழாதா?"

டாக்டர் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார். இவ்வளவு எளிய விஷயம் தோன்றவில்லையே என்று தன் மேலேயே அவருக்கு எரிச்சல் வந்தது. வேறு யார் படுத்தாலும் விழப்போவது ஹுல்டாவின் எலும்பு. அது இப்போது முறிந்த எலும்பு. யாராவது ஒருவர் தொடையை நீட்ட வேண்டும், அவ்வளவுதான்.

சிஸ்டர் எர்னா தெருவுக்கு ஓடினாள். தூக்கிக்கொண்டு வந்தவர்கள் வாசலில்தான் நின்றார்கள். தொடை தடிமனான இடம், குழாய் பழசு, வெகு நேரம் கிடக்க வேண்டும், தோல் வெந்தாலும் வேகலாம் என்று மறைக்காமல் சொன்னாள். எல்லாரும் டாக்டரின் கையை நினைத்தார்கள். ஒருவனுக்கு ஆலையில் வேலை ஞாபகம் வந்தது. ஒருவன் பன்றியைப் பார்க்கப் போகிறேன் என்றான். பட்டறையிலிருந்து தோல் ஏப்ரனோடு வந்த ப்ரூனோ யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. உள்ளே போய்க் கால்சட்டையை அவிழ்க்க ஆரம்பித்தான்.

"வேணாம்னா இப்பவே சொல்லிடு ப்ரூனோ" என்றார் டாக்டர். "காயம் ஆறாமப் போனாலும் போகும்."

"நாலு வருஷமா அந்த எலும்பை வெச்சுதானே சுத்தியல் அடிக்கிறேன். சீக்கிரம் ஆரம்பிங்க, குளிருது."

பக்கத்து அறைக்கு மாற்றிப் படுக்கவைத்திருந்த ஹுல்டாவுக்குக் குரல் கேட்டுவிட்டது. "யாரது? அவனா? அவனா எனக்குப் படுக்கிறான்? அதுக்கு அந்த நாயையே கூட்டிட்டு வாங்க!"

"நாய் அசையும் அம்மா."

"இவன் மட்டும் அசைய மாட்டானா? பள்ளிக்கூடத்துல ஒரு நாள் சும்மா உட்கார்ந்தவனா இவன்? ஜெபம் சொல்றப்போ சட்டைக்குள்ள தவளையை விட்டுக்கிட்டு, அது வெளிய வர மாட்டேங்குதுன்னு அழுதவன்தானே!"

சுருள் படபடத்துக்கொண்டிருந்தது. குழாய் ஆப்பிள் பச்சையில் ஒளிர்ந்தது. மணல்மூட்டைகளுக்கு நடுவே ப்ரூனோ பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். தவளை அவனைத் தோற்கடித்தது. முதலில் சிரிப்பில் வயிறு குலுங்கியது, பிறகு தொடை குலுங்கியது, பிறகு மேசையே குலுங்கியது. தட்டைக் கழுவியபோது பால் கொட்டியது போல ஒரு கறைதான் இருந்தது.

டாக்டர் பெர்ன்ட் அமைதியான மனிதர். அன்று கையுறையைக் கழற்றித் தரையில் வீசினார். இரண்டு அறைகளுக்கும் நடுவே நின்று கத்தினார். "நாலு வருஷமா உங்க ரெண்டு பேரோட மல்லுக்கட்டுறேன்! ஹுல்டாம்மா, வாயை மூடுங்க! நீங்க பேசினா உங்க எலும்பு ஆடுது! இன்னொரு தட்டு எடுத்தா இவன் தோல் வெந்துடும். அதுக்கப்புறம் இவனைப் படுக்கவைக்க எனக்கு மனசு வராது. உங்க கால் போயிடும். புரியுதா?"

பக்கத்து அறையில் சத்தம் நின்றது.

ப்ரூனோ மறுபடி படுத்தான். சுருள் மறுபடி படபடத்தது. ஹுல்டா ஏப்ரன் முனையை வாயில் திணித்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி கிடந்தாள் என்று சிஸ்டர் எர்னா பிறகு சொன்னாள். ஆஸ்பத்திரிக்கு வெளியே நின்றவர்களுக்கு அந்த மௌனத்தில்தான் கிலி பிடித்தது. அவள் செத்துவிட்டாள் என்று ஒருவர் தொப்பியைக்கூடக் கழற்றினார்.

தட்டில் தொடை எலும்பு தெளிவாக விழுந்தது. சாய்வாக முறிந்து, கீழ் முனையிலிருந்து ஊசி போன்ற சில்லு ஒன்று பின்பக்கம், ரத்தக் குழாய் ஓடும் இடத்தைப் பார்த்து நீட்டிக்கொண்டிருந்தது. டாக்டர் தன் யூகத்தில் இழுத்திருந்தால் அந்தச் சில்லு நேராகக் குழாய்க்குள் போயிருக்கும். முழங்காலை மடக்கி, வேறு பக்கமாகத் திருப்பி இழுத்தார். பாதத்தில் சூடு திரும்பியது. கயிறும் கப்பியும் மாட்டிச் செங்கல் எடை தொங்கவிட்டு அவளைப் படுக்கவைத்தார்கள். பனி உருகி, காட்டில் குயில் கூவிய மாதத்தில் ஹுல்டா கொஞ்சம் நொண்டியபடி எழுந்து நடந்தாள்.

ப்ரூனோவின் தொடையில் இரண்டு வாரத்தில் மயிர் உதிர்ந்தது. பிறகு சிவந்தது, கொப்பளித்தது, புண்ணாயிற்று. அது ஆறுவதாக இல்லை. அவன் உலைக்கு முன்னால் நிற்க முடியாமல் ஒரு பெட்டியில் உட்கார்ந்து லாடம் அடித்தான். ஹுல்டா ஊன்றுகோலோடு தினமும் மத்தியானம் பட்டறைக்குப் போய், பன்றிக் கொழுப்பில் குழைத்த களிம்பைத் தடவித் துணி மாற்றினாள்.

"என்னடா இது? முறிஞ்ச என் காலு கூடிருச்சு. ஒண்ணும் ஆகாத உன் காலு ஆற மாட்டேங்குது!"

"மெதுவா ஹுல்டா, எரியுது!"

"எரியட்டும். யாரு உன்னைப் படுக்கச் சொன்னா?"

பேசியபடியே பொட்டலத்தைப் பிரிப்பாள். உள்ளே ஈரல் தொத்திறைச்சி இருக்கும். அவன் தின்று முடித்து, உப்பு கூட என்பான். அவள் பொட்டலக் காகிதத்தை அவன் தலையில் அடித்துவிட்டுத் திரும்புவாள். புண் ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு மூடியது. அவளுடைய நடை நின்றபாடில்லை. கல்யாணம் செய்துகொள்ள வேண்டியதுதானே என்று பாதிரியாரே கேட்டார். "உள்ளுக்குள்ள அவன் நான்தானே ஐயா. என்னை நானே கட்டிக்கவா?" என்று ஹுல்டா பதில் சொன்னாள்.

போர் வந்தது. எங்கள் ஆட்கள் பிரான்ஸில் அடிபட்டு ராணுவ ஆஸ்பத்திரிகளில் கிடந்தார்கள். அங்கேயும் தட்டில் பெண்ணின் எலும்பு விழ, ஹாசல்டாலிலிருந்து ஆண்களுக்குப் பதிலாகப் பெண்களை அனுப்புகிறார்கள் என்று ஒரு கர்னல் கூச்சல் போட்டதாகக் கேள்வி. கால் போனவர்களும் கை போனவர்களும் திரும்பி வந்தார்கள். வராதவர்களும் இருந்தார்கள். வந்தவர்கள் முதலில் கசாப்புக்கடைக்குப் போய், அங்கே உன்னைப் பார்த்தேன் ஹுல்டாம்மா என்றார்கள். அவள் எல்லாரையும் போல அவர்களையும் திட்டினாள். ஆனால் எலும்பு சூப்பு கொடுத்துத் திட்டினாள். டாக்டர் பெர்ன்டுக்கு முதலில் கை போயிற்று, பிறகு தோள், 1919இல் அவரும் போய்விட்டார். அடக்கத்தின்போது ஊர் முழுக்க நின்றது. சிஸ்டர் எர்னா அந்த ரப்பர் கையுறையைத் தூக்கி அடுப்பில் போட்டாள்.

அடுத்த வருஷம் யேனா பல்கலைக்கழகத்திலிருந்து டாக்டர் எகோன் ஹாஸ் என்ற இளைஞர் வந்தார். புதுக் கருவி, புதுக் குழாய், ஈயப் பெட்டி, சுவிட்சைத் தட்டினால் போதும். முதலில் வந்தவள் தச்சரின் மனைவி, கை வீங்கியிருந்தது. தட்டைப் பார்த்தவர் திரும்ப எடுத்தார். கருவியைக் கழற்றினார், மாட்டினார், மூன்றாவது தடவை எடுத்தார். சிஸ்டர் எர்னா சொல்லிப் பார்த்தாள். அவர் காதில் வாங்கவில்லை. தச்சரின் மனைவி வலியில் அழ ஆரம்பித்தாள். கடைசியில் சிஸ்டர் எர்னா ஆள் அனுப்ப, ஹுல்டா கறிக்கத்தியைத் துடைத்துக்கொண்டே நொண்டி நொண்டி வந்து சேர்ந்தாள். தட்டை வாங்கி ஜன்னலுக்கு நேராகத் தூக்கிப் பார்த்தாள்.

"தம்பி, எல்லாத்தையும் மாத்திப் பார்த்தாச்சு. எங்களுக்கு அலுத்துப்போச்சு. எலும்பு என்னுதுதான். அதை விடுங்க. முறிஞ்ச இடத்தைப் பாருங்க, அதுதான் அவளுது. பாவம், எவ்வளவு நேரமா உட்கார்ந்திருக்கா!"

அவர் பார்த்தார். மணிக்கட்டுக்குச் சற்று மேலே, இரண்டு எலும்பும் முறிந்திருந்தன. இழுத்து நேராக்கிக் கட்டுப் போட்டார். தச்சரின் மனைவி எழுந்து போனாள். டாக்டர் ஹாஸ் கையைக் கழுவிக்கொண்டு, அடுத்தவரைக் கூப்பிடச் சொன்னார்.